தள்ளும் விசையே தடுக்கும் விசை

இறக்கத்தில் பாரம் ஏற்றிய மாட்டுவண்டி மாடுகளை முன்னே தள்ளிக்கொண்டு போவதை நீங்கள் பார்த்திருக்கலாம். மாடு நிற்க நினைத்தாலும் வண்டி விடுவதில்லை. அமெரிக்காவில் மோட்டார்ப் படகு வைத்திருப்போருக்கும் இதே தொல்லை உண்டு. அங்கே பலர் படகை வீட்டில் நிறுத்தி வைத்து, விடுமுறை நாளில் டிரெய்லரில் ஏற்றி, காரின் பின்னால் பூட்டி, ஏரிக்கோ கடலுக்கோ இழுத்துச் செல்கிறார்கள். கார் சட்டென்று நின்றால் பின்னால் வரும் படகு என்ன செய்யும்?

கணக்கிட்டுப் பார்ப்போம். படகும் டிரெய்லரும் சேர்ந்து 1,500 கிலோகிராம். வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 22.2 மீட்டர் என்று கொள்வோம். நிறையின் பாதியை வேகத்தின் இருமடியால் பெருக்கினால் கிடைப்பது இயக்க ஆற்றல். இங்கே அது ஏறக்குறைய 3,70,000 ஜூல். 30 டிகிரி செல்சியசில் உள்ள ஒன்றேகால் லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இது போதும். நிற்கும்போது இவ்வாற்றல் முழுவதும் வெப்பமாக மாறியாக வேண்டும். டிரெய்லரில் பிரேக் இல்லாவிட்டால் காரின் பிரேக்கே இந்தச் சுமையையும் ஏற்க வேண்டும். வளைவான சாலையில் டிரெய்லர் காரைத் தள்ளிப் புரட்டியும் விடலாம். எனவேதான் அந்நாட்டின் பல மாநிலங்களில், மொத்த எடை 3,000 பவுண்டை (சுமார் 1,360 கிலோகிராம்) மீறும் டிரெய்லருக்குப் பிரேக் கட்டாயம்.

சரி, இந்தப் பிரேக்கை மிதிப்பவர் யார்? யாருமில்லை! கார் வேகம் குறைந்ததும் டிரெய்லர் நிலைமத்தால் முன்னே தள்ளுகிறது. அப்போது காருடன் பூட்டிய இணைப்பு பின்னோக்கிச் சறுக்கி ஒரு பிஸ்டனை அழுத்துகிறது. பாஸ்கல் விதிப்படி அந்த அழுத்தம் பிரேக் திரவத்தின் வழியே சக்கரங்களை அடைந்து அவற்றைப் பிடிக்கிறது. தள்ளும் விசையே தடுக்கும் விசையாகிறது!

ஆனால் படகை இறக்க, டிரெய்லரைச் சாய்தளத்தில் நீருக்குள் விட வேண்டும். பழைய டிரம் பிரேக் மூடிய பானை போன்றது. உள்ளே புகுந்த உப்புநீர் எளிதில் வெளியேறாது, துரு ஏறுகிறது. மேலும், சூடேறிய டிரம் விரிந்து, உள்ளிருக்கும் பிரேக் கட்டையை விட்டு விலகுகிறது. டிஸ்க் பிரேக்கிலோ தட்டு திறந்தே இருக்கிறது. காற்றில் விரைவில் குளிர்கிறது. சுழலும்போது நீரை உதறிவிடுகிறது. நன்னீரால் கழுவுவதும் எளிது. இதனால் பலர் டிரம்மை எடுத்துவிட்டு டிஸ்க் பொருத்துகிறார்கள்.

இங்கேதான் எச்சரிக்கை தேவை. டிரம்மில் உராய்வே கட்டையை மேலும் உள்ளே இழுத்து அழுத்த உதவுகிறது. டிஸ்க்கில் அந்த உதவி இல்லை. எனவே திரவ அழுத்தம் கூடுதலாக வேண்டும். முன்புறத்துப் பழைய பிஸ்டன் அமைப்பை மாற்றாமல் சக்கரங்களில் மட்டும் டிஸ்க் பொருத்தினால், புதிய பிரேக் பெயருக்குத்தான் இருக்கும். ஓட்டுநர் கால் வைப்பது காரின் பிரேக்கில் அல்லவா? டிரெய்லர் தன் பங்கைச் செய்யவில்லை என்பது அவருக்குத் தெரியாமலே போகலாம், ஓர் அவசரம் நேரும்வரை.

இன்னொரு சிக்கலும் உண்டு. காரைப் பின்னோக்கி ஓட்டும்போதும் இணைப்பு அழுத்தப்படுகிறது; பிரேக் பிடித்துக்கொள்கிறது. டிரம் பிரேக்குகள் பலவற்றில், சக்கரம் பின்னோக்கிச் சுழன்றால் பிடி தளரும் ஏற்பாடு உண்டு. டிஸ்க்கோ இரு திசையிலும் ஒன்றுபோல் பிடிக்கும். ஆகவே, காரின் பின்னோட்ட விளக்கு எரியும்போது அதே மின்சாரத்தால் இயங்கித் திரவத்தைத் தடுக்கும் வால்வு ஒன்றையும் சேர்க்க வேண்டும்.

பிரேக் என்பது சக்கரத்தில் மட்டும் இருப்பதன்று. தள்ளும் இணைப்பிலிருந்து தேயும் பட்டைவரை நீளும் ஒரு சங்கிலி அது. அதில் ஒரு கண்ணியை மாற்றுபவர் மற்றக் கண்ணிகளையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.