பழைய கார்: ஏலத்திலா, வியாபாரியிடமா?

தவணை தவறியவர்களிடமிருந்து வங்கிகளும் நிதி நிறுவனங்களும் கைப்பற்றிய கார்கள் ஏலத்துக்கு வருகின்றன. குடும்பத்துக்கு ஒன்று எடுக்கலாமா என்று நம் உறுப்பினர்கள் பலர் விசாரிக்கிறார்கள்.

விலை மலிவுதான். ஆனால் 'உள்ளது உள்ளபடி' என்பதே ஏல நிபந்தனை. யார்டில் மாதக்கணக்கில் வெயிலில் நின்ற வண்டியைப் பெரும்பாலும் ஓட்டிப் பார்க்க விடுவதில்லை. பேட்டரி, டயர் செலவை முதலிலேயே கணக்கில் சேர்த்துவிடுவோம். மீதிப் பணத்தைக் கெடுவுக்குள் கட்டாவிட்டால் முன்பணமும் போகும்.

பெரிய தலைவலி காகிதத்தில்தான். பெயர் மாற்றப் படிவம் 29, 30-ல் கையெழுத்துப் போடப் பழைய உரிமையாளர் வரமாட்டார். கடன் கொடுத்தவர் படிவம் 36 கொடுத்துத் தம் பெயரில் புது ஆர்.சி. பெறச் சட்டத்தில் வழி உண்டு. அதை யார் செய்வது, நிலுவை வரியும் அபராதமும் யார் பொறுப்பு என்பதை ஏலம் கேட்குமுன் எழுத்தில் வாங்குவோம்.

வியாபாரியிடம் விலை கூடுதல். ஜி.எஸ்.டி. பதிவு பெற்றவர் தம் லாபத்தின் மேல் 18 சதவீதம் வரி கட்டுகிறார் (2025 ஜனவரி முதல்). அதுவும் விலையில் ஏறத்தான் செய்யும், நமக்குத் தெரியாத கணக்கா! ஆனால் மெக்கானிக்கோடு போய் ஓட்டிப் பார்க்கலாம், பேரம் பேசலாம், கோளாறு வந்தால் கடையேறிக் கேட்கலாம். சொந்த மெக்கானிக் இல்லாதவர்களுக்கு இதுவே மேல் என்போம்.

எங்கே வாங்கினாலும் 14 நாளுக்குள் இன்சூரன்ஸை நம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும்.