மன்னார் வழியே வந்த கோப்பி

மன்னாரில் கோப்பி விளைவதில்லை. பனையும் உடையும் நிற்கும் வறண்ட மணற்பூமி அது. எனினும் மன்னாரை விடுத்து இலங்கைக் கோப்பியின் வரலாற்றை எழுத இயலாது.

போர்த்துக்கேயர் வருமுன்பே அராபிய வணிகர் இச்செடியை இங்கு கொணர்ந்ததாகக் கூறுவர். கண்டிக் குடும்பங்கள் பலாவுக்கும் கமுகுக்கும் இடையே, வீட்டுத் தோட்டத்து நிழலில் அதனை வளர்த்தன. இலை கறிக்கு உதவியது. பூ வழிபாட்டுக்குச் சென்றது.

1820களில் பெருந்தோட்டங்கள் தோன்றியபின், பழம் பறிக்க ஆட்கள் வேண்டியிருந்தது. தமிழகத்திலிருந்து படகேறி மன்னார்க் கரையில் இறங்கியோர், காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தே சென்றனர். காலராவும் காய்ச்சலும் வழியிலேயே பலரைக் கொண்டுபோயின. தோட்டத்துரைமாரின் பெயர்களைப் பதிந்த ஏடுகள், இவர்களின் பெயர்களைக் காக்கவில்லை என்பது நமது ஆதங்கம். பறிப்புக் காலம் முடிந்ததும் எஞ்சியோரிற் பலர் அதே வழியே ஊர் திரும்பினர்.

1869இல் காணப்பட்ட இலைத்துரு நோய், இருபது ஆண்டுகளுக்குள் பெருந்தோட்டக் கோப்பியை வீழ்த்தியது. அவ்விடத்தைத் தேயிலை பிடித்தது. வீட்டுத் தோட்டக் கோப்பியோ முற்றாக மறையவில்லை. கண்டி, மாத்தளைப் பகுதிகளில் மிளகுக் கொடிக்கு அருகே இன்றும் அது வளர்கிறது; சிவந்த பழங்களைப் பறித்து, வெயிலில் உலர்த்தி, இடித்துத் தோல் நீக்குகிறார்கள்.

மலையகத் தமிழர் வருகையின் 200 ஆண்டு நினைவாக, 2023இல் ஒரு நடைபவனி இடம்பெற்றது. அது தலைமன்னாரில் தொடங்கி மாத்தளையில் நிறைவுற்றது.