வாசல் பாதையும் அடியிலுள்ள ஜல்லியும்

தெருவாயிலிலிருந்து கார் நிற்கும் இடம் வரையில் வீட்டின் முன்னே போடப்படும் சிறு பாதையைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். கல்லைக் கொட்டி உருளையால் உருட்டினால் தீர்ந்தது, இதில் பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணக்கூடும். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் எண்ணியிருந்தேன். ஆம்பூரில் என் வீட்டு முன்புறத்தில், இடுக்கு விட்ட பேவர் கற்களைப் பதித்து, மழைநீர் இனி அங்கேயே நிலத்தில் இறங்கிவிடும் என்று மகிழ்ந்திருந்தேன். முதற் பெருமழையில் நீர் இடுக்குகளில் இறங்கத்தான் செய்தது. ஆனால் சற்று நேரத்தில் திரும்பி மேலே பொங்கித் திண்ணைப் படியைத் தொட்டது. குற்றம் மேலே கிடந்த கற்களில் இல்லை. அடியில் மறைந்து கிடந்த தளத்தில் இருந்தது.

சாலைவேலைக்காரர்கள் வழக்கமாகக் கொண்டுவந்து கொட்டுவது ‘வெட் மிக்ஸ்’ என்னும் கலவை. பெரிய ஜல்லி, சிறு ஜல்லி, கிரஷர் தூள் ஆகிய யாவும் நீர் சேர்த்துக் கலந்தது அது. உருளை ஏற ஏறக் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவேயுள்ள சந்துகளைத் தூள் அடைத்துக்கொள்ளும். தளம் பாறைபோல் இறுகும். லாரி ஓடும் சாலைக்கு அதுவே தகும். அங்கே நீர் உள்ளே புகாமலிருப்பதே நோக்கம். நமக்கு வேண்டியதோ நேர்மாறானது. நீர் தங்குவதற்கு வெற்றிடம் வேண்டும். ஆகவே தூள் கலவாத ஜல்லிதான் வேண்டும்.

நம்பாதவர்கள் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். 10 லிட்டர் வாளி ஒன்றில் கழுவிய முக்கால் ஜல்லியை விளிம்பு வரை நிரப்புங்கள். பிறகு அளந்து அளந்து நீரை ஊற்றுங்கள். நிறைந்துவிட்டதாகத் தோன்றும் அந்த வாளி ஏறக்குறைய 4 லிட்டர் நீரை விழுங்கும். அதே வாளியில் வெட் மிக்ஸைத் திணித்து ஊற்றினால் நீர் மேலேயே தேங்கி நிற்கும்.

என் பாதை 10 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம். 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஜல்லி இட்டால் 9 கன மீட்டர். நம் ஊர் வழக்கில் மூன்று யூனிட்டுக்குச் சற்று மேல். உருட்டிய பின்பு வெற்றிடம் மூன்றில் ஒரு பங்கே மிஞ்சினாலும் 3,000 லிட்டர் நீர் உள்ளே தங்கும். ஒரே மூச்சில் 10 சென்டிமீட்டர் மழை கொட்டினால் அந்தப் பாதையின்மேல் விழுவதும் அவ்வளவே. கூரை நீரையும் இதிலேயே திருப்பிவிட ஆசைப்படுவோர் கணக்கை மறுபடியும் போட்டுக்கொள்ள வேண்டும்.

கீழே ஒன்றரை ஜல்லி. அதன்மேல் முக்கால் ஜல்லி. அதன்மேல், கல் பதிப்பதற்கு, ஐந்து சென்டிமீட்டர் கனத்துக்குச் சிப்ஸ். கொத்தனார் பழக்கத்தினால் எம் சாண்டைக் கொண்டுவருவார், அதைத் தடுத்துவிடுங்கள். மணல் ஜல்லிக்குள் ஒழுகிப்போகும், பதித்த கல்லும் அமிழும். ஆற்றுக் கூழாங்கல்லும் ஆகாது. சக்கரம் ஏறினால் உருளும். கோணமுள்ள உடைகல்லே ஒன்றையொன்று பற்றி நிற்கும். ஜல்லியைக் கழுவி இடுவது முக்கியம். ஒட்டியுள்ள தூள் கழுவுண்டு அடியில் படிந்தால் பூச்சுப் பூசியதுபோல் ஆகிவிடும். மண்ணுக்கும் ஜல்லிக்கும் இடையே வடிதுணி ஒன்றை விரிப்பதும் நன்று.

அடிமண்ணையும் கேட்டறிய வேண்டும். ஓரடிக் குழி தோண்டி நீர் ஊற்றுங்கள். காய்ந்த மண் முதல்முறை ஆசையோடு குடித்துவிடும், அதை நம்பாதீர்கள். மறுமுறை ஊற்றியது ஒரு நாளுக்குள் வடிந்தால் போதும். சரளை கலந்த செம்மண்ணில் அநேகமாக வடிந்துவிடும். ஏரியை ஒட்டிய களிமண்ணில் வடியாது. அங்கே ஜல்லியின் அடியில் துளையிட்ட குழாய் ஒன்றைப் பதித்து, மிகுந்த நீருக்கு வெளியேற வழி செய்ய வேண்டும்.

இதுவரை சொன்னது எவ்வூருக்கும் பொருந்தும். பாலாற்றங்கரையிலுள்ள எங்களுக்கு மேலும் ஒரு கேள்வி உண்டு. நாம் நிலத்துக்குள் இறக்குவது எந்த நீர்?

2003-ஆம் ஆண்டில் தமிழகத்தில் எல்லாக் கட்டிடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்புக் கட்டாயமாக்கப்பட்டது. அது நல்ல ஏற்பாடு என்பதில் ஐயமில்லை. ஆனால் வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பைப் படித்தவர்களுக்கு எங்கள் நிலத்தடி நீரின் கதை தெரியும். தோல் பதனிடும் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதுமோ ஓரளவோ பயிருக்கு உதவாமற் போனதை அது குறிப்பிடுகிறது. 2025 ஜனவரி 30 அன்றும் அந்நீதிமன்றம் பாலாற்றின் மாசைப் பற்றி மீண்டும் தீர்ப்பளிக்க வேண்டியதாயிற்று. ராணிப்பேட்டையில் மூடிக் கிடந்த குரோமேட் ஆலையின் கழிவுக் குவியலிலிருந்து நஞ்சைக் கரைத்து நிலத்துக்குள் கொண்டுசென்றதும் மழைநீர்தான்.

என் பாதையைப் பார்த்த அண்டைவீட்டார் ஒருவர், தம் தோல் மண்டியின் முற்றத்துக்கும் இவ்வாறே ஜல்லித் தளம் போடலாமா என்று கேட்டார். அவருடைய ஆர்வத்தைக் கெடுக்க மனம் வரவில்லை. ஆயினும் கூடாது என்றேன். காரிலிருந்து சொட்டும் எண்ணெயைக் கல்லும் மேல்மண்ணும் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும். நுண்ணுயிர்கள் அதை மெல்லச் சிதைக்கும். உப்பு அப்படிப்பட்டதன்று. உப்பிட்ட தோலிலிருந்து உதிர்ந்தது மழையில் கரைந்தால் ஜல்லியும் தடுக்காது, மண்ணும் தடுக்காது; நேரே கிணற்றுக்குப் போய்ச் சேரும். அங்கே நீர் இறங்கும் தளம் எவ்வளவு சிறப்பாக அமைகிறதோ அவ்வளவுக்குக் கேடு.

அவர் முற்றத்துக்குக் கூரை வேய்ந்தார். ஓரம் உயர்த்திய கான்கிரீட் தளம் போட்டார். உதிர்ந்த உப்பை உலர்ந்தபடியே பெருக்கி மூட்டை கட்டச் செய்தார். கழுவுநீர் ஒரு தொட்டியில் சேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. கூரைமேல் விழும் தூய மழைநீரை மட்டும் மறுபுறம் வேறாக நிலத்தில் இறக்கியிருக்கிறார்.

நான் என் வாசலைப் பெயர்த்து ஜல்லியை மாற்றி இட்டேன். செலவு இரட்டிப்பாயிற்று. பெயர்த்தெடுத்த வெட் மிக்ஸை எங்கே கொட்டுவது என்று தவித்தபோது, அதை மண்டிக்காரரே வாங்கித் தம் கான்கிரீட்டின் அடியில் பரப்பிக்கொண்டார்.