சாதியின் பெயரை வெட்டும் கத்தரிக்கோல்

2025 ஏப்ரலில் வெளியான ‘ஃபுலே’ இந்தித் திரைப்படத்திலிருந்து ‘மஹார்’, ‘மாங்’ உள்ளிட்ட சொற்களை நீக்குமாறு மத்தியத் திரைப்படச் சான்றிதழ் வாரியம் கூறியது. பிராமண அமைப்புகளின் எதிர்ப்புக்கிடையே, ஜோதிராவ் ஃபுலேயின் பிறந்தநாளான ஏப்ரல் 11 அன்று வரவேண்டிய படம் இரு வாரங்கள் தள்ளிப்போனது. ஃபுலே இணையரின் பள்ளியில் பயின்ற முக்தா சால்வே என்னும் மாங் சாதிச் சிறுமி, 1855இல் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே அவ்விரு பெயர்களும் உள்ளன. அவள் துணிந்து எழுதியதைத் திரை சொல்லக்கூடாதாம்.

வாரியத்தின் நெறிமுறைகள் ஒரு பிரிவினரை இழிவுபடுத்தும் சொற்களையே விலக்குகின்றன. ஒடுக்குமுறையைக் காட்டச் சாதியின் பெயரைச் சொல்வது இழிவுபடுத்தல் ஆகாது. அரசமைப்பின் 19(2) பிரிவு கருத்துரிமைக்கு விதிக்கும் வரம்புகளில் ‘மனம் புண்படுதல்’ இடம்பெறவில்லை.

‘ஒரே ஒரு கிராமத்திலே’ பட வழக்கில் 1989இல் உச்ச நீதிமன்றம், போராட்ட மிரட்டலுக்கு அஞ்சிக் கருத்துரிமையை ஒடுக்கலாகாது என்றது. அப்படம் சாதிவழி இடஒதுக்கீட்டை விமர்சித்தது. அதைக் காத்த தீர்ப்பு ‘ஃபுலே’வையும் காக்க வேண்டும்.

தீர்ப்பு இருந்தும் பயன் கிட்டாதது ஏன்? வாரியத்தின் முடிவை எதிர்த்து முறையிடுவதற்கான தீர்ப்பாயம் 2021இல் கலைக்கப்பட்டது. இன்று உயர் நீதிமன்றமே வழி. வெளியீட்டுத் தேதியும் வட்டியும் நெருக்கும் தயாரிப்பாளர் வழக்காடுவதைவிட வெட்டுக்கு இணங்கிவிடுகிறார். எனவே, தீர்ப்பாயத்தை மீட்பதும் சாதி ஒழிப்புக் கோரிக்கையே. பெயர் சொல்லாமல் சாதியை எதிர்க்க இயலாது.