பாட்டை இலவசமாகக் கொடுக்கலாம், பெயரையுமா?

இரத்தினபுரிப் பக்கம் இறப்பர் தோட்டமொன்றில் என் பெரியப்பா மாசி மாதக் காமன் கூத்துக்குப் பாடுவார். 1981 ஆகஸ்ட் வன்செயலுக்குப் பயந்து வன்னிக்குப் போன சொந்தக்காரர்களுக்கு அவருடைய பாட்டை ஒலிநாடாவில் பதிந்து அனுப்புவோம். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து அந்த நாடாக்கள் தொலைந்தன. பெரியப்பாவும் போய்விட்டார்.

சென்ற வருடம் வவுனியாவிலிருந்து அக்கா ஒருவர் வட்ஸ்அப்பில் ஒரு பாட்டு அனுப்பினார். பெரியப்பாவின் குரல்! யூடியூபில் யாரோ ஏற்றியது. பாடியவர் பெயருமில்லை, தோட்டத்தின் பெயருமில்லை. 'மலையக நாட்டுப்பாடல்' என்று மட்டும் இருந்தது. அழுவதா கோபப்படுவதா என்று தெரியவில்லை.

பாட்டை இலவசமாக விடுவதில் எனக்கு மறுப்பில்லை. சிறுவயதை யாழ்ப்பாணத்தில் கழித்து, போரினால் இலண்டன் போன எம்.ஐ.ஏ. என்ற மாயா அருள்பிரகாசம், 2010 டிசம்பர் 31இல் 'விக்கி லீக்ஸ்' என்ற தொகுப்பை எவரும் தரவிறக்கலாம் என்று இணையத்தில் விட்டார். அதிலிருந்த 'பேட் கேர்ள்ஸ்' 2012இல் தனிப்பாடலாக விற்பனைக்கு வந்து உலகெங்கும் ஓடியது. இலவசமாகக் கொடுத்ததால் பாட்டு அவர் கையைவிட்டுப் போகவில்லை. அது யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும்.

பெயர் தெரியாத நம் பாடகர்கள் என்ன செய்யலாம்? 'கிரியேட்டிவ் கொமன்ஸ்' என்றொரு அனுமதி முறை இருக்கிறது. பிரதி எடுக்கலாம், பகிரலாம், ஆனால் என் பெயரைப் போடவேண்டும் என்று படைத்தவர் முன்கூட்டியே எழுதிவைப்பது. விரும்பினால் 'விற்கக்கூடாது' என்றும் சேர்க்கலாம். அமெரிக்காவின் 'நைன் இன்ச் நெய்ல்ஸ்' 2008இல் தன் இசைத்தொகுப்பொன்றை இப்படித்தான் வெளியிட்டது. பதிவுக் கட்டணம் கிடையாது. உரிமையும் படைத்தவரிடமே இருக்கும்.

பழைய பாட்டுக்கு ஏது உரிமை என்று கேட்பவர்கள் உண்டு. பாட்டு பொதுச்சொத்தாகவே இருக்கட்டும். பாடிய குரல் ஒருவருடையதுதானே? இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் பாடுபவருக்கும் உரிமை தருகிறது.

இந்த மாசியில் பெரியப்பாவின் மகன் பாடியதைக் கைத்தொலைபேசியில் பதிந்து, அந்த அனுமதியோடு இணையத்தில் விட்டோம். வட்ஸ்அப்பில் கைமாறும்போது பாட்டோடு எழுதிய விபரம் கூடவே போவதில்லை. அதனால் அண்ணன் தன் பெயர், அப்பா பெயர், தோட்டத்தின் பெயர் மூன்றையும் சொல்லிவிட்டுத்தான் முதல் அடியை எடுத்தார். அன்றிரவே அதை வவுனியா அக்காவுக்கு அனுப்பினேன்.