ஈறில் ரத்தமா? பிரஷ்ஷை ஓரம் வைக்காதீர்கள்!

ஒரகடம் தொழிற்சாலைகளில் வண்டியின் பாடிக்கு நேரடியாகக் கலர் அடிப்பதில்லை. முதலில் பிரைமர். அது இருந்தால்தான் பெயின்ட் பிடிக்கும். நம் வாயிலும் இதே கதைதான். பல் தேய்த்த சில நிமிடங்களிலேயே எச்சிலில் உள்ள புரதங்கள் பல்லின் மேல் மெல்லிய படலமாகப் படிந்துவிடும். கிருமிகளுக்கு அதுதான் பிரைமர்!

முதலில் வந்து ஒட்டுபவை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைக் கிருமிகள். பெரும்பாலும் சாதுவானவை. அவற்றின் மேல் ஃபியூசோபாக்டீரியம் பாலம்போல ஒட்டும். அதைப் பிடித்துக்கொண்டு கடைசியில் வருவதுதான் வில்லன்... பெயர் போர்பைரோமோனாஸ் ஜின்ஜிவாலிஸ்.

இந்தக் கிருமியின் மேல் மெல்லிய இழைகள் நீட்டிக்கொண்டிருக்கும். ஈறுத் திசுவைக் கட்டுக்கோப்பாக வைத்திருக்கும் கொலாஜன், ஃபைப்ரோநெக்டின் ஆகிய புரதங்களை அந்த இழைகளால் இறுகப் பற்றிக்கொள்ளும். பிறகு, ஜின்ஜிபெயின் என்ற நொதியைச் சுரந்து புரதங்களை வெட்டும். வெட்டிய இடத்தில் புதிய பிடிமானங்கள் வெளிப்பட, மேலும் கிருமிகள் ஒட்டும். அவற்றை எதிர்த்து உடல் போராடும்போதுதான் ஈறு வீங்கி, ரத்தம் கசிகிறது. கவனிக்காமல் விட்டால் பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்து, பல் ஆடும். பெரிதாக வலிக்காது என்பதுதான் இதில் ஆபத்து.

ரத்தம் வருகிறதே என்று பல் தேய்ப்பதை நிறுத்துவது கிருமிகளுக்குத்தான் கொண்டாட்டம். புதிதாகப் படிந்த படலம் மிருதுவானது. மென்மையான பிரஷ்ஷே அதை அகற்றிவிடும். விட்டுவைத்தால் சில நாள்களில் காரையாக இறுகும். அதைப் பல் மருத்துவர்தான் நீக்க முடியும். 'கிளீன் செய்தால் பல் ஆடும்' என்று பயப்பட வேண்டாம். பல்லை ஆட வைப்பது கிருமிகள்தான், கிளீனிங் அல்ல.

தூங்கும்போது எச்சில் குறைவதால் கிருமிகளுக்கு வசதி. நைட் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வீடு திரும்புபவர்கள், காலை 8 மணியானாலும் படுக்கும் முன் பல் தேய்க்க வேண்டும். புகைபிடிப்பவர்களுக்கு ரத்தக்கசிவு குறைவாகவே தெரியும். நோய் மறைந்தே வளரும். சர்க்கரை நோய் ஈறு நோயைத் தீவிரமாக்கும். ஈறு நோயும் சர்க்கரையைக் கட்டுப்பட விடாது.

ஒழுங்காகப் பல் தேய்த்தும் இரண்டு வாரங்களில் கசிவு நிற்கவில்லையா? உடனே பல் மருத்துவரைப் பாருங்கள். இ.எஸ்.ஐ. அட்டை இருந்தால், இ.எஸ்.ஐ. மருத்துவமனையின் பல் பிரிவை அணுகலாம்.