1951 சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகக் கால்பந்து அணி

1951ஆம் ஆண்டுப் பருவத்தில் ஒன்பது ஆட்டங்கள் ஆடி ஒன்பதிலும் வென்றது அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழக அணி. இருந்தும் பருவத்தின் இறுதியில் நடக்கும் சிறப்புப் போட்டி எதிலும் அதற்கு இடம் கிடைக்கவில்லை. இங்கே கால்பந்து என்பது முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்து. நாம் ஆடும் கால்பந்து அல்ல. அணியின் பெயர் 'டான்கள்'. டான் என்பது ஸ்பானிய மொழியில் பெயருக்கு முன் வைக்கும் மதிப்புச் சொல்.

பல்கலைக்கழகம் இயேசு சபையினர் நடத்தும் சிறிய நிறுவனம். கால்பந்து அணியால் அதற்கு நட்டமே ஏற்பட்டு வந்தது. பயிற்சியாளர் ஜோ குஹாரிச் கண்டிப்பானவர். வீரர்களில் ஜீனோ மார்கெட்டி போன்ற சிலர் இரண்டாம் உலகப் போரில் களம் கண்டு திரும்பியவர்கள். ஆலி மாட்சன், பர்ல் டோலர் ஆகிய இருவரும் கறுப்பினத்தவர்.

அணியின் உயிர் மாட்சன்தான். அந்தப் பருவத்தில் பந்துடன் 1,566 கெஜம் ஓடி, நாட்டிலேயே முதலிடம் பெற்றார். 21 டச் டவுன்களும் எடுத்தார். நியூயார்க்கில் ஃபோர்ட்ஹாம் பல்கலைக்கழகத்தை 32-26 என்று வென்ற ஆட்டத்தில், எதிரணி உதைத்தனுப்பிய பந்தை இருமுறை பிடித்து, மைதானத்தின் மறு எல்லைவரை ஓடிச் சேர்த்தார். மற்ற ஆட்டங்களில் இவ்வளவு நெருக்கடி இல்லை. பசிபிக் கல்லூரியை 47-14 என்றும், கடைசி ஆட்டத்தில் லயோலாவை 20-2 என்றும் வென்றனர்.

அழைப்பு வராத காரணம்

பருவம் முடிந்ததும் சிறந்த அணிகளை அழைத்து நடத்தும் ஆட்டங்களைப் 'பவுல்' போட்டிகள் என்பர். புத்தாண்டை ஒட்டி நடக்கும். அழைக்கப்படும் அணிகளுக்குப் புகழோடு கணிசமான பணமும் கிடைக்கும். டான்களுக்கு அந்தப் பணம் தேவைப்பட்டது. அணி தொடர்ந்து இருக்குமா என்பதே அதைப் பொறுத்திருந்தது.

அக்காலத்தில் இப்போட்டிகளில் பல, இன ஒதுக்கல் சட்டப்படி நடந்த தென் மாநிலங்களில் நடைபெற்றன. கறுப்பின வீரர்கள் இருவரையும் விட்டுவிட்டு வந்தால் இடம் உண்டு என்ற செய்தி தங்களுக்கு வந்ததாக அணியினர் பின்னாளில் கூறியுள்ளனர். அதை ஏற்பதா என்று அவர்கள் விவாதிக்கவே இல்லை; மறுத்துவிட்டனர்.

வெளியே சொல்லப்பட்ட காரணம் வேறு: டான்கள் வலுவான அணிகளோடு மோதவில்லை என்பது. இதில் ஓரளவு உண்மை உண்டு. அவர்கள் வென்றவற்றில் இரண்டு, படைத்துறை முகாம்களின் அணிகள். நாடளாவிய தரவரிசையிலும் 14ஆம் இடமே கிடைத்தது. ஆனால் டான்களிடம் 33 புள்ளி வித்தியாசத்தில் தோற்ற பசிபிக் கல்லூரிக்கு டெக்சாஸ் மாநிலத்தில் நடந்த சன் பவுலில் இடம் கிடைத்தது. தோற்றவரை அழைத்துவிட்டு, வென்றவரின் வலிமை போதாது என்பது நிற்கும் வாதமாகத் தெரியவில்லை.

பின்னர்

பணம் வரவில்லை. அந்தப் பருவத்தோடு பல்கலைக்கழகம் கால்பந்தைக் கைவிட்டது. படிப்பு முடியாதிருந்த பாப் செயின்ட் கிளேர் துல்சா பல்கலைக்கழகத்துக்கு மாறினார். மாட்சன், மார்கெட்டி, செயின்ட் கிளேர் மூவரும் தொழில்முறைக் கால்பந்தின் புகழ்க்கூடத்தில் இடம்பெற்றனர். அணியின் செய்தித் தொடர்பாளராக இருந்த இளைஞர் பீட் ரோசெல், 1960 முதல் 1989 வரை தேசியக் கால்பந்துச் சங்கத்தின் ஆணையராக விளங்கினார். மாட்சன் 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக் ஓட்டப் போட்டிகளில் ஒரு வெள்ளியும் ஒரு வெண்கலமும் பெற்றவர் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

டோலரின் கதை வேறு. 1952இல் முழங்காலில் பட்ட அடியால் அவரது ஆட்ட வாழ்க்கை முடிந்தது. அவர் ஆசிரியராகி, சான் பிரான்சிஸ்கோவில் பள்ளித் தலைமையாசிரியராகவும் உயர்ந்தார். விடுமுறை நாள்களில் நடுவராகப் பணியாற்றினார். 1965இல் தேசியக் கால்பந்துச் சங்கத்தின் முதல் கறுப்பின நடுவரானார். 1980இல் சூப்பர் பவுல் இறுதி ஆட்டத்திலும் நடுவர் குழுவில் இருந்தார். 2009இல் காலமானார்.

பல்கலைக்கழக மாணவர் விடுதி ஒன்றுக்கு முன்னாள் மேயர் ஜேம்ஸ் ஃபீலனின் பெயர் இருந்தது. ஆசியர்கள் குடியேறுவதை எதிர்த்துப் பிரசாரம் செய்த அரசியல்வாதி அவர். 2017இல் அந்தப் பெயரை நீக்கி, டோலரின் பெயரைச் சூட்டினர்.